சொந்தக் கெர்னலைக் கட்டிப் பொதியாக்குவது: தர்மபுரி ஞாயிறு வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரி நான்கு ரோடு பக்கம் ஒரு மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் லினக்ஸ் சொல்லித் தருகிறேன். செட்டிக்கரை, பர்கூர் அரசு பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள், பாலக்கோட்டில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்துகிறவர், ஓசூர் கம்பெனியில் இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் பஸ் ஏறி வருகிறவர் என்று பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். கெர்னல், அதாவது வன்பொருளையும் நிரல்களையும் இணைக்கும் லினக்ஸின் மையப் பகுதி, அதை மூலநிரலிலிருந்து கட்டி (கம்பைல் செய்து) நிறுவத்தக்க பொதியாக (பேக்கேஜ்) ஆக்கும் பாடம் தொடங்கினால் கேள்விகள் ஏறக்குறைய ஒரே வரிசையில் வரும். அவற்றையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரு குறிப்பு. கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் அதைச் சொல்லியிருக்கிறேன். சொல்வதெல்லாம் டெபியன் என்ற லினக்ஸ் வகையின் 12, 13 பதிப்புகள் இரண்டையும் மனதில் வைத்துத்தான். உபுண்டு, மின்ட் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலும் இதேதான்.

கெர்னல்தான் ஏற்கெனவே இருக்கிறதே, அண்ணா? திரும்ப ஏன் கட்ட வேண்டும்?

பெரும்பாலானவர்களுக்குத் தேவையே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெபியன் தரும் கெர்னல் நன்றாகச் சோதிக்கப்பட்டது. உலகத்தில் எந்தக் கம்ப்யூட்டரில் போட்டாலும் எழுந்து நிற்க வேண்டும் என்பதற்காக ஆயிரக்கணக்கான மாட்யூல்களை (டிரைவர் போல, தேவைப்படும்போது கெர்னல் ஏற்றிக்கொள்ளும் துண்டுகள்) சேர்த்துக் கட்டுகிறார்கள். உங்கள் லேப்டாப்பில் 'எல்எஸ்மாட்' என்று தட்டிப் பாருங்கள். உண்மையில் வேலையில் இருப்பவை நூறு, நூற்றைம்பதுதான் இருக்கும்.

கட்ட வேண்டிய தேவை நான்கைந்து சந்தர்ப்பங்களில் வரும். புதிதாக வாங்கிய லேப்டாப்பின் வைஃபை சிப்புக்கு டிரைவர் புதிய பதிப்பில்தான் இருக்கிறது. ஒரு பிழைக்கு யாரோ திருத்தம் அனுப்பியிருக்கிறார்கள், அது இன்னும் டெபியனுக்கு வந்து சேரவில்லை. டெபியன் அணைத்து வைத்திருக்கும் ஒரு வசதி உங்களுக்கு வேண்டும். அல்லது உள்ளே என்னதான் இருக்கிறது என்று கற்றுக்கொள்ள வேண்டும். கடைசிக் காரணத்தை நான் குறைவாக நினைப்பதில்லை. லைனஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் மாணவராக இருந்தபோது தொடங்கிய வேலை இது. மூலநிரல் முழுக்கத் திறந்து கிடக்கிறது. பென்னாகரத்துப் பிள்ளை அதை இறக்கிக் கட்டிப் பார்ப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

கட்டினால் லேப்டாப் வேகமாகுமா?

கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு ஆகாது. பூட் ஆகும் நேரம் கொஞ்சம் குறையலாம், நினைவகத்தில் சில எம்பி மிச்சமாகலாம், அவ்வளவுதான். 2 ஜிபி ராம் வைத்த பழைய விலையில்லா மடிக்கணினியை உயிர்ப்பிக்க வேண்டுமென்றால் ஒரு எஸ்எஸ்டி போடுங்கள், 'ஸீராம்' இயக்குங்கள், எல்எக்ஸ்கியூடி மாதிரி இலகுவான டெஸ்க்டாப் வையுங்கள். பலன் உடனே தெரியும்.

'மேக் இன்ஸ்டால்' போட்டால் முடிந்தது. எதற்காகப் பொதியாக்க வேண்டும்?

இந்தப் பக்கத்தையே இந்த ஒரு கேள்விக்காகத்தான் எழுதுகிறேன்.

'மேக் மாட்யூல்ஸ்_இன்ஸ்டால்', 'மேக் இன்ஸ்டால்' இரண்டும் கோப்புகளை நேராகக் கொண்டுபோய் வைத்துவிடும். கெர்னல் ஒரு கோப்பு, அதன் சிஸ்டம் மேப் ஒரு கோப்பு, எதை எதைச் சேர்ப்பது என்ற தேர்வுகள் அடங்கிய கன்ஃபிக் ஒரு கோப்பு எல்லாம் /பூட் அடைவுக்குள் போகும். மாட்யூல்கள் /லிப்/மாட்யூல்ஸ் அடைவுக்குள் போகும். ஆனால் எதை எங்கே வைத்தோம் என்ற கணக்கு, பொதிகளைக் கவனிக்கும் டெபியனின் டிபிகேஜி நிரலிடம் இருக்காது. ஆறு மாதம் கழித்து /பூட் நிரம்பிவிட்டது என்று பொதிகளை நிறுவும் ஆப்ட் அழும்போது, எந்தக் கோப்பு எந்தக் கெர்னலுக்குச் சொந்தம் என்று பெயரைப் பார்த்துப் பார்த்துக் கையால் அழிக்க வேண்டும். அந்தச் சமயத்தில் கை தவறி ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் மாட்யூல்களை அழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டெபியனின் பொதி வடிவமான டெப் பொதியாகக் கட்டினால் கணக்கு எழுதப்பட்டுவிடும். ஒரு கட்டளையில் ஏறும், ஒரு கட்டளையில் இறங்கும். இனிட்ராம்எஃப்எஸ் (பூட் ஆகும்போது முதலில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பு) உருவாக்குவது, க்ரப் (எந்தக் கெர்னலில் எழுவது என்று கேட்கும் பூட் மெனு) பட்டியலில் பெயர் சேர்ப்பது எல்லாம் தானாக நடக்கும். அதைவிடப் பெரிய பலன் ஒன்று உண்டு. கட்டுவது ஒரு இடம், போடுவது இன்னொரு இடம் என்று பிரித்துக்கொள்ளலாம். வகுப்பில் ஒரே ஒரு நல்ல டெஸ்க்டாப்தான் இருக்கிறது. அதில் கட்டிய பொதியைப் பென் டிரைவில் போட்டுக் காரிமங்கலத்துக்கு எடுத்துப் போய் எந்தப் பழைய லேப்டாப்பிலும் இரண்டு நிமிடத்தில் ஏற்றலாம். அந்த லேப்டாப்பில் கம்பைலரே இருக்க வேண்டியதில்லை.

பயமில்லாமல் சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால் திரும்பி வர வழி இருக்க வேண்டும். பொதி அந்த வழியைத் தருகிறது. நேரடியாக இன்ஸ்டால் செய்வதை நான் வகுப்பில் சொல்லித் தருவதே இல்லை.

பழைய பாடங்களில் 'மேக்-கேபிகேஜி' என்று ஒரு கட்டளை வருகிறது. என் கணினியில் அது இல்லை என்கிறதே?

அது மனோஜ் ஸ்ரீவஸ்தவா எழுதிய 'கெர்னல்-பேக்கேஜ்' என்ற கருவியின் கட்டளை. டெபியனில் கெர்னலைப் பொதியாக்கப் பல வருடம் எல்லாரும் அதைத்தான் பயன்படுத்தினார்கள். இப்போதைய டெபியனில் அது கிடையாது. அந்த வேலையைக் கெர்னலின் மூலநிரலே செய்கிறது. 'பின்டெப்-பிகேஜி' என்ற இலக்கு ('மேக்' கட்டளையிடம் சொல்லும் வேலைப் பெயர்) உள்ளேயே வருகிறது. 'மேக்-கேபிகேஜி' என்று சொல்லும் பாடம் எதைப் பார்த்தாலும் பழையது என்று ஒதுக்கிவிடுங்கள்.

என்னென்ன நிறுவ வேண்டும்? எவ்வளவு இடம் பிடிக்கும்?

சுடோ ஆப்ட் இன்ஸ்டால் போட்டு இவற்றை நிறுவுங்கள்: பில்ட்-எசென்ஷியல், பிசி, பைசன், ஃப்ளெக்ஸ், லிப்என்கர்சஸ்-டெவ், லிப்எஸ்எஸ்எல்-டெவ், லிப்எல்ஃப்-டெவ், லிப்டிடபிள்யூ-டெவ், டெப்ஹெல்ப்பர், ஆர்சிங்க், ட்வார்வ்ஸ், கேமாட், சிபிஐஓ. ஏதாவது விட்டுப்போனால் கட்டும்போது அதுவே பெயர் சொல்லிக் கேட்கும்.

இடத்தைப் பொறுத்தவரை எல்லாம் பிழைத்திருத்தத் தகவலைப் பொறுத்தது. டெபியனின் கன்ஃபிக்கை அப்படியே எடுத்தால் டீபக் தகவலும் சேர்ந்து கட்டப்படும். அப்போது 20 ஜிபிக்கு மேல் போய்விடும், கடைசிக் கட்டத்தில் ராமும் நிறையத் தின்னும். மெனுகன்ஃபிக்கில் ('மேக் மெனுகன்ஃபிக்' தட்டினால் வரும் தேர்வுத் திரை) 'கெர்னல் ஹேக்கிங்' பிரிவுக்குள் போய், 'கம்பைல்-டைம் செக்ஸ்' பகுதியில் டீபக் தகவலை 'டிசேபிள்' என்று வையுங்கள். சில ஜிபியில் முடிந்துவிடும். 4 ஜிபி ராம் உள்ள கணினியில் முதல் முறை கட்டுகிறவர்கள் இதை மறந்தால், ஒரு மணி நேரம் ஓடி லிங்க் ஆகும் சமயத்தில் கணினி உறைந்து நிற்கும்.

மூலநிரலை எங்கே எடுப்பது?

இரண்டு வழி. முதல் வழி, ஆப்டில் 'லினக்ஸ்-சோர்ஸ்' பொதியை நிறுவுவது. டெபியன் 12இல் 6.1, டெபியன் 13இல் 6.12 வரும். /யூஎஸ்ஆர்/எஸ்ஆர்சி அடைவில் ஒரு டார் கோப்பு உட்கார்ந்திருக்கும். டெபியனின் திருத்தங்களும் அதில் சேர்ந்தே இருக்கும். முதல் முறை கட்டுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

இரண்டாவது வழி, கெர்னல்.ஆர்க் தளம். சுமார் 150 எம்பி இறக்க வேண்டும். விரித்தால் ஒன்றரை ஜிபி அளவுக்கு வரும். அங்கே 'லாங்டெர்ம்' (நீண்ட காலம் திருத்தங்கள் வருவது) என்று குறித்திருக்கும் பதிப்பையே எடுங்கள். இறக்கியதும் கையொப்பத்தைச் சரிபாருங்கள். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. கையொப்பம் போட்டிருப்பது விரிக்கப்பட்ட டார் கோப்புக்கு, சுருக்கிய எக்ஸ்ஸெட் கோப்புக்கு அல்ல. சுருக்கியதை அப்படியே கையொப்பம் சரிபார்க்கும் ஜிபிஜி நிரலிடம் கொடுத்தால் தவறு என்றுதான் சொல்லும். 'அன்எக்ஸ்ஸெட்' செய்த பிறகு சரிபாருங்கள்.

வீட்டு அடைவுக்குள் விரித்து, உங்கள் சாதாரணக் கணக்கிலேயே கட்டுங்கள். கட்டுவதற்கு ரூட் (நிர்வாகி) உரிமை தேவையில்லை. நிறுவுவதற்கு மட்டும் போதும்.

கன்ஃபிக்கில் ஆயிரக்கணக்கான கேள்விகள். எதற்கு எஸ், எதற்கு நோ?

ஒவ்வொன்றாகப் பதில் சொல்ல உட்காராதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் கன்ஃபிக் /பூட் அடைவில் இருக்கிறது. 'கன்ஃபிக்-' என்று தொடங்கி, 'யூனேம் -ஆர்' காட்டும் பெயரில் முடியும். அதை மூலநிரல் அடைவுக்குள் '.கன்ஃபிக்' என்று நகலெடுங்கள். பிறகு 'மேக் ஓல்ட்டெஃப்கன்ஃபிக்'. புதிய கேள்விகளுக்கெல்லாம் இயல்பான பதிலை அதுவே போட்டுக்கொள்ளும்.

இத்தோடு கட்டினால் டெபியன் அளவுக்கே பெரிய கெர்னல் வரும். என் நான்கு கோர் டெஸ்க்டாப்பில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. நேரத்தைக் குறைக்க ஸ்டீவன் ராஸ்டெட் எழுதிய அருமையான வசதி ஒன்று உண்டு: 'மேக் லோக்கல்மாட்கன்ஃபிக்'. 'எல்எஸ்மாட்' பட்டியலைப் பார்த்து, இப்போது ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அணைத்துவிடும். இரண்டு மணி நேர வேலை இருபது நிமிடத்துக்கு இறங்கியது.

ஆனால் 'இப்போது' என்ற சொல்லைக் கவனியுங்கள். இதில் நான் ஒரு முழு மாலை மாட்டிக்கொண்டேன்.

என் லேப்டாப்புக்கு இணையம் ஃபோனின் யூஎஸ்பி டெதரிங்கில்தான் வரும். மூலநிரலை இறக்கி முடித்துவிட்டு, ஃபோனைக் கழற்றிச் சார்ஜில் போட்டேன். அதற்குப் பிறகு லினக்ஸை மறுபடி தொடங்கி, லோக்கல்மாட்கன்ஃபிக் ஓட்டிக் கட்டினேன். பிழை ஏதும் இல்லை, பொதி வந்தது, நிறுவினேன், அழகாகப் பூட் ஆனது. ஃபோனைச் செருகி டெதரிங் போட்டால் இணையம் இல்லை. கெர்னலின் செய்திகளைக் காட்டும் 'டிமெஸ்ஜி' கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். யூஎஸ்பி கருவி ஒன்று வந்திருக்கிறது என்று அழகாக எழுதியிருக்கிறது; ஃபோனின் பெயரைக்கூடச் சொல்கிறது. ஆனால் 'ஐபி லிங்க்' காட்டும் பட்டியலில் புதிய வரி எதுவும் இல்லை. கருவி தெரிகிறது, அதை ஓட்ட ஆள் இல்லை. சரி, வேறு கணினியில் தீர்வு தேடிப் பென் டிரைவில் கொண்டுவரலாம் என்றால் பென் டிரைவும் திறக்கவில்லை. ஃபோனைக் கழற்றியிருந்ததால் டெதரிங்குக்கான மாட்யூல்கள் 'ஆர்என்டிஐஎஸ்_ஹோஸ்ட்', 'சிடிசி_ஈதர்' இரண்டும் போய்விட்டன. பென் டிரைவ் செருகாமல் இருந்ததால் அதைப் படிக்கும் 'யூஎஸ்பி_ஸ்டோரேஜ்', 'விஃபேட்' இரண்டும் போய்விட்டன.

க்ரப்பில் பழைய டெபியன் கெர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே வந்தேன். பழையது பத்திரமாக இருந்ததால் வேறு எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

அன்றிலிருந்து லோக்கல்மாட்கன்ஃபிக் ஓட்டும் முன் எல்லாவற்றையும் ஒருமுறை செருகித் தட்டி எழுப்புகிறேன். ஃபோன் டெதரிங், எஃப்ஏடி பென் டிரைவ் ஒன்று, எக்ஸ்ஃபேட் மெமரி கார்டு ஒன்று, பிரிண்டர், புளூடூத் ஹெட்செட், வெப்கேம், எச்டிஎம்ஐ வயர். ஒவ்வொன்றையும் ஐந்து விநாடி இயக்கினால் அதன் மாட்யூல் ஏறிவிடும். கழற்றினாலும் மறுபடி பூட் செய்யும்வரை பட்டியலில் இருக்கும். அப்புறம் ஓட்டுங்கள். உங்கள் வீட்டில் ஒரு வருடத்தில் என்னென்ன அந்த லேப்டாப்பில் செருகப்படும் என்று அம்மா, தங்கை எல்லாரையும் கேட்டுவிட்டே ஓட்டுங்கள்.

'நோ ரூல் டு மேக் டார்கெட்' என்று ஒரு பெம் கோப்பின் பெயரைச் சொல்லி நின்றுவிடுகிறது.

வகுப்பில் பாதிப் பேருக்கு முதல் முறை வருவது இது. பயப்பட ஒன்றுமில்லை. டெபியனின் கன்ஃபிக்கை நகலெடுத்தீர்கள் அல்லவா? அதில் 'சிஸ்டம் டிரஸ்டட் கீஸ்' என்ற இடத்தில் டெபியன் தன் சான்றிதழ்க் கோப்பின் பாதையை எழுதி வைத்திருக்கிறது. அந்தக் கோப்பு அவர்கள் கட்டும் இடத்தில் இருக்கும், உங்களிடம் இருக்காது. மெனுகன்ஃபிக்கில் 'கிரிப்டோகிராஃபிக் ஏபிஐ' பிரிவின் அடியில் 'சர்டிஃபிகேட்ஸ்' பகுதிக்குள் போய் அந்தப் பாதையை அழித்து வெறுமையாக விடுங்கள். உபுண்டுவில் இதோடு 'ரெவக்கேஷன் கீஸ்' என்ற இடத்தையும் வெறுமையாக்க வேண்டும்.

என் கெர்னலுக்கு ஊர்ப் பெயர் வைக்கலாமா?

வைக்கலாம், வைக்கத்தான் வேண்டும். கட்டும்போது 'லோக்கல்வெர்ஷன்' என்ற மாறியைப் பெரிய எழுத்தில் எழுதி, சமக்குறி போட்டு, '-தர்மபுரி1' என்று கொடுங்கள். 'யூனேம் -ஆர்' கேட்டால் பதிப்பெண்ணுக்குப் பின்னால் ஊர்ப் பெயர் வரும். முதல் முறை அதைத் திரையில் பார்க்கும்போது பிள்ளைகள் முகத்தில் வருகிற சந்தோஷம் எனக்கு ஒவ்வொரு முறையும் பிடிக்கும்.

நடைமுறைக் காரணமும் உண்டு. பெயர் வைக்காமல் இரண்டு முறை கட்டினால் இரண்டும் ஒரே பெயரில் இருக்கும். இரண்டாவது முதலாவதின் மேல் ஏறி அதை அழித்துவிடும். இரண்டாவது கெட்டால் திரும்பிப் போக முதலாவது இருக்காது. அதனால் ஒவ்வொரு முறையும் எண்ணை மாற்றுங்கள்: தர்மபுரி1, தர்மபுரி2. ஆங்கிலச் சின்ன எழுத்து, எண், நடுக்கோடு மட்டும் வையுங்கள். டெபியன் பொதிப் பெயரில் பெரிய எழுத்துக்கும் அடிக்கோட்டுக்கும் இடமில்லை.

கட்டும் கட்டளை எது? என்ன வெளியே வரும்?

மேக் -ஜே4 பின்டெப்-பிகேஜி லோக்கல்வெர்ஷன்=-தர்மபுரி1

நான்கு என்பது கோர் எண்ணிக்கை. 'என்பிராக்' என்று தட்டினால் உங்களுடையது தெரியும். ராம் குறைவாக இருந்தால் கோர் எத்தனை இருந்தாலும் 2 என்றே வையுங்கள்.

பொதிகள் இந்த அடைவில் இருக்காது, ஒரு படி மேலே இருக்கும். அதைத் தெரியாமல் தேடித் தேடி 'எதுவுமே வரவில்லை' என்பவர்கள் உண்டு. 'லினக்ஸ்-இமேஜ்' என்று தொடங்குவதுதான் கெர்னல். 'லினக்ஸ்-ஹெடர்ஸ்' வெளி மாட்யூல்கள் கட்டுவதற்கு. 'லினக்ஸ்-லிப்சி-டெவ்' என்று ஒன்று வரும், அதை நிறுவாதீர்கள். டெபியன் தரும் அதே பெயர்ப் பொதியின் மேல் ஏறி உட்காரும், நமக்கு எந்தப் பயனும் இல்லை. பெயரில் 'டிபிஜி' என்று பெரிதாக ஒன்று வந்தால் டீபக் தகவலை அணைக்க மறந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

பாதியில் கரண்ட் போனால்?

கரண்ட் வந்ததும் அதே கட்டளையை மறுபடி தட்டுங்கள். ஏற்கெனவே கட்டிய கோப்புகளை மேக் திரும்பக் கட்டாது. நேரத்தை ஒப்பிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் திடீரென்று போனால், அந்த நொடியில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு வெறுமையாகவோ அரைகுறையாகவோ வட்டில் நிற்கும். மேக் அதை முடிந்த கோப்பு என்று நம்பிவிடும். பிறகு லிங்க் ஆகும்போது 'ஃபைல் ஃபார்மட் நாட் ரெகக்னைஸ்ட்' என்று ஒரு '.ஓ' கோப்பின் பெயரைச் சொல்லும். அந்த ஒரு கோப்பை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினால் போதும். 'மேக் கிளீன்' போட்டால் இரண்டு மணி நேர வேலை போய்விடும்; அதைக் கடைசி வழியாக வையுங்கள்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்நிறுத்தம் எந்த நாள் என்று செய்தித்தாளில் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. பேட்டரி போன பழைய லேப்டாப்பில் கட்டுகிறவர்கள் இரவு பத்து மணிக்குமேல் தொடங்குங்கள்.

நிறுவி முதல் முறை பூட் செய்யும்போது என்ன கவனிக்க வேண்டும்?

'சுடோ ஆப்ட் இன்ஸ்டால்' என்று தட்டி, புள்ளி, சாய்கோடு, அதற்குப் பின் டெப் கோப்பின் பெயர். புள்ளியும் சாய்கோடும் இல்லாவிட்டால் ஆப்ட் அதை இணையத்தில் தேடப் போகும். திரையில் இனிட்ராம்எஃப்எஸ் உருவாவதும் க்ரப் புதிய கெர்னலைக் கண்டுபிடிப்பதும் வரிவரியாகத் தெரியும். அந்த இரண்டும் வந்ததா என்று பாருங்கள். வராமல் மறுபடி பூட் செய்யாதீர்கள்.

டெபியனின் கெர்னலை எந்தக் காரணத்துக்காகவும் எடுக்காதீர்கள். க்ரப்பில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' வரிக்குள் அது எப்போதும் இருக்க வேண்டும்.

கணினி உங்கள் பக்கத்தில் இல்லாமல் வேறு ஊரில் இருக்கிறதென்றால் 'க்ரப்-ரீபூட்' கட்டளை இருக்கிறது. புதிய கெர்னலை ஒரே ஒரு முறை மட்டும் முயன்று பார்க்கச் சொல்லலாம். சரியாக எழவில்லையென்றால் அங்கே இருப்பவரிடம் 'தம்பி, ஒருதரம் ஆஃப் செய்து ஆன் பண்ணு' என்று சொன்னால் போதும், பழையதில் எழுந்துவிடும். இது வேலை செய்ய க்ரப் அமைப்புக் கோப்பில் இயல்புத் தேர்வு 'சேவ்ட்' என்று இருக்க வேண்டும், 'க்ரப்-செட்-டிஃபால்ட்' கட்டளையில் பழைய கெர்னலைச் சேமித்தும் இருக்க வேண்டும். முன்கூட்டியே மாற்றி 'அப்டேட்-க்ரப்' ஓட்டி வையுங்கள்.

'பேட் ஷிம் சிக்னேச்சர்' என்கிறது.

செக்யூர் பூட் (நம்பும் கையொப்பம் உள்ளதை மட்டும் பூட் செய்ய விடும் பாதுகாப்பு) இயங்குகிறது. நீங்கள் கட்டிய கெர்னலில் அது நம்பும் கையொப்பம் இல்லை. கற்றுக்கொள்ளும் கணினி என்றால் பயாஸில் செக்யூர் பூட்டை அணையுங்கள். வேலைக்கு வைத்திருக்கும் கணினி என்றால் சொந்தச் சாவி உருவாக்கி, 'மோக்யூட்டில்' மூலம் பதிவு செய்து, 'எஸ்பிசைன்' கொண்டு கெர்னலுக்குக் கையொப்பம் போடுங்கள். பதிவு செய்தபின் அடுத்த பூட்டில் ஒரு நீலத் திரை வந்து கடவுச்சொல் கேட்கும். அவசரத்தில் அதைத் தாண்டிவிட்டால் திரும்ப முதலிலிருந்து செய்ய வேண்டும். பழைய லேப்டாப்களில் இந்தப் பிரச்சினையே வராது.

புதிய கெர்னலில் என்விடியா, பிராட்காம் வைஃபை வேலை செய்யவில்லை.

அவை கெர்னலுக்கு வெளியே இருக்கும் மாட்யூல்கள். ஒவ்வொரு கெர்னலுக்கும் தனியாகக் கட்டப்பட வேண்டும். டிகேஎம்எஸ் என்ற கருவி அதைத் தானாகச் செய்யும். ஆனால் உங்கள் கெர்னலின் ஹெடர்ஸ் பொதி நிறுவப்பட்டிருந்தால்தான் செய்யும். இமேஜை மட்டும் நிறுவிவிட்டு ஹெடர்ஸை விட்டவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி வருகிறது. அதையும் நிறுவிவிட்டு 'டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால்' ஓட்டுங்கள்.

ஓசூரில் இயந்திரப் பட்டறையில் வேலை செய்கிறேன். ரியல்-டைம் கெர்னல் வேண்டும் என்கிறார்கள். அது தனியா?

முன்பு தனியாகத் திருத்தம் இறக்கி ஒட்ட வேண்டியிருந்தது. 2024இல் வந்த 6.12லிருந்து 'ப்ரீஎம்ப்ட்_ஆர்டி' முதன்மை மூலநிரலிலேயே இருக்கிறது. மெனுகன்ஃபிக்கில் முதலில் 'எக்ஸ்பர்ட்' என்ற தேர்வை இயக்குங்கள். அப்போதுதான் ப்ரீஎம்ப்ஷன் பகுதியில் அந்த வரி கண்ணில் படும்.

இதைப் புரிந்துகொள்ள ஓர் உதாரணம். பட்டறை இயந்திரங்களை இயக்கும் லினக்ஸ்சிஎன்சி நிரல் கொண்டு ஒரு ஸ்டெப்பர் மோட்டாரை ஓட்டுகிறீர்கள். மோட்டாருக்குக் குறித்த இடைவெளியில் துடிப்பு போய்க்கொண்டே இருக்க வேண்டும். சாதாரணக் கெர்னல் சராசரியாக வேகமானதுதான். ஆனால் வட்டில் எழுதும் வேலையோ நெட்வொர்க் வேலையோ குறுக்கே வந்தால் ஏதாவது ஒரு துடிப்பு எப்போதாவது தாமதமாகும். அந்த ஒரு தாமதம் போதும், மோட்டார் ஒரு ஸ்டெப் தவறி, இரும்பில் கோடு விழும். ரியல்-டைம் கெர்னல் மொத்த வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து அந்த மோசமான ஒரு தாமதத்தைக் கட்டுப்படுத்துகிறது. 'சைக்ளிக்டெஸ்ட்' ஓட்டினால் அதிகபட்சத் தாமதம் மைக்ரோவிநாடியில் வரும். சராசரியைப் பார்க்காமல் அந்த அதிகபட்சத்தைப் பாருங்கள், அதுவும் கணினிக்குப் பலமாக வேலை கொடுத்துவிட்டுச் சில மணி நேரம் ஓட்டிப் பாருங்கள்.

கட்டுவதற்கு முன்னால் டெபியனே தரும் 'லினக்ஸ்-இமேஜ்-ஆர்டி-ஏஎம்டி64' பொதியை ஒருமுறை போட்டுச் சோதியுங்கள். பல பட்டறைகளுக்கு அதுவே போதும்.

ஃபெடோரா, ஆர்ச், ராஸ்ப்பெரி பை?

ஃபெடோராவில் 'பின்ஆர்பிஎம்-பிகேஜி'. ஆர்ச்சில் 6.11லிருந்து 'பேக்மேன்-பிகேஜி'. பைக்கு டெஸ்க்டாப்பிலேயே ஆர்ம்64 குறுக்குக் கம்பைலர் வைத்து இதே 'பின்டெப்-பிகேஜி' ஓட்டலாம்.

பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக வருமா?

வராது. இதைத் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும். 'ஆப்ட் அப்கிரேட்' டெபியனின் கெர்னலை மட்டும் புதுப்பிக்கும், உங்களுடையதைத் தொடாது. லாங்டெர்ம் பதிப்புகளுக்குத் திருத்தங்கள் அடிக்கடி வெளிவருகின்றன. நீங்கள்தான் புதிய மூலநிரலை எடுத்து, பழைய '.கன்ஃபிக்'கை வைத்து மறுபடி கட்ட வேண்டும். அதைச் செய்ய நேரமில்லை என்றால், கற்றுக்கொண்டு முடித்ததும் டெபியன் கெர்னலுக்கே திரும்பிவிடுங்கள். வங்கிக் கணக்கு பார்க்கும் அப்பாவின் கணினியில் ஆறு மாதப் பழைய சொந்தக் கெர்னலை ஓட விடாதீர்கள்.

எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் வெவ்வேறு மாடலில் பத்துப் பழைய லேப்டாப். பத்துக்கும் பத்து முறை கட்ட வேண்டுமா?

வேண்டாம். இதற்காகத்தான் பொதி. ஒவ்வொரு லேப்டாப்பிலும் உட்கார்ந்து, முன்பு சொன்ன மாதிரி எல்லாவற்றையும் செருகி எழுப்பிவிட்டு, 'எல்எஸ்மாட்' தரும் பட்டியலை ஒரு கோப்பில் சேமியுங்கள். பத்துக் கோப்பையும் பென் டிரைவில் எடுத்து வந்து 'கேட்' கட்டளையில் ஒரே கோப்பாக்குங்கள். நல்ல கணினியில், 'எல்எஸ்மாட்' என்ற மாறியைப் பெரிய எழுத்தில் எழுதி, அதில் அந்தக் கோப்பின் முழுப் பாதையைக் கொடுத்து லோக்கல்மாட்கன்ஃபிக்கை ஓட்டுங்கள். பத்து லேப்டாப்புக்கும் வேண்டியது மட்டும் சேர்ந்த ஒரே கெர்னல் வரும். 'ப்ராசஸர் ஃபேமிலி' என்ற இடத்தில் 'ஜெனரிக்' என்றே விடுங்கள். கட்டும் கணினியின் ப்ராசஸரைத் தேர்ந்தெடுத்தால் பழைய லேப்டாப்பில் கோளாறு வரலாம்.

முதலில் ஒரே ஒரு லேப்டாப்பில் போட்டு ஒரு வாரம் பிள்ளைகளைப் பயன்படுத்த விடுங்கள். சரியாக இருந்தால் மற்ற ஒன்பதிலும் போடுங்கள்.

போட்டது பிடிக்கவில்லை. எப்படி எடுப்பது?

க்ரப்பில் டெபியனின் கெர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே வாருங்கள். 'யூனேம் -ஆர்' தட்டி, ஓடுவது நீங்கள் எடுக்கப்போவது இல்லை என்று உறுதி செய்யுங்கள். பிறகு 'சுடோ ஆப்ட் பர்ஜ்' என்று தட்டி, இமேஜ், ஹெடர்ஸ் இரண்டு பொதிகளின் பெயரும். கெர்னல், மாட்யூல்கள், இனிட்ராம்எஃப்எஸ், க்ரப்பில் இருந்த வரி எல்லாம் போய்விடும். சில சமயம் /லிப்/மாட்யூல்ஸ் அடைவில் உங்கள் ஊர்ப் பெயர் போட்ட ஃபோல்டர் 'காலியாக இல்லை, அதனால் எடுக்கவில்லை' என்ற எச்சரிக்கை வரும். டிகேஎம்எஸ் கட்டி வைத்த மாட்யூல்கள் அதில் மிச்சம் இருக்கும். பெயரை இன்னொரு முறை பார்த்துவிட்டு அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் அழியுங்கள்.